தாதிப் பயிற்சியும் தவறை ஒப்புதலும்



நமது சமூகத்துப் பிள்ளைகள், முக்கியமாகப் பெண்மக்கள், தாதித் தொழிலைக் கற்க முன்வருவது மகிழ்ச்சிக்குரிய விஷயம். முன்னொரு காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரெஸரையும், பெரிய ஆஸ்பத்திரியின் மிஸ்ஸியையும் தூர நின்று பார்த்த குடும்பங்களிலிருந்து, இன்று கோலாலம்பூர் மருத்துவமனைக்கும், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹீமா மருத்துவமனைக்கும் தாதிகள் வருகிறார்கள். அவர்களுக்குப் பாடப் புத்தகத்தில் கிடைக்கும் அறிவு நிறைய உண்டு. ஆனால் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் முடிந்துவிடுவதும், வார்டில் வாழ்நாள் முழுவதும் தொடர்வதுமான ஒரு பாடம் இருக்கிறது. பயிற்சியின்போது தவறு நேர்ந்துவிட்டால் என்ன செய்வது? சொல்வதா, மறைப்பதா? இதுவே இம்மாதப் பாடத்தின் பொருள்.

தவறு வேறு, பொய் வேறு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கற்பவர் தவறு செய்வார். தவறே செய்யாத மாணவரை எந்தக் கல்லூரியும் கண்டதில்லை. மலேசியாவில் தாதியர் டிப்ளோமாவுக்கு மூன்று ஆண்டுகள் ஒதுக்கியிருப்பதும், அதன் பிறகு மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறிப் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதும், 1950ஆம் ஆண்டின் தாதியர் சட்டம் இதற்கெல்லாம் அடிப்படையாக இருப்பதும் எதற்காக? ஒருவர் ஒரே நாளில் தேர்ந்தவராகிவிட முடியாது என்பதற்காகத்தான்.

தவறு கை செய்வது. பொய் மனம் செய்வது. கை தவறியதற்குப் பயிற்சி மருந்தாகும். மனம் மறைத்ததற்கு எந்த ஆசிரியரும் மருந்து கொடுக்க இயலாது. மாணவி ஒருத்தி மருந்தின் அளவைத் தவறாகக் கணக்கிட்டால், மறுநாள் அவளைப் பக்கத்தில் அமர்த்திக் கணக்கைச் சொல்லித்தரலாம். கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாக எழுதுகிறவளை என்ன செய்வது? அவள் எழுதும் எதையுமே நம்ப முடியாதே! ஒரு பொய் நூறு மெய்க் குறிப்புகளின் மதிப்பையும் கெடுத்துவிடும். குடம் பாலுக்குத் துளி விஷம் போதும் என்று பெரியோர் சொல்வது இதற்கும் பொருந்தும்.

எத்தகைய தவறுகள் நேர்கின்றன?

அமெரிக்காவில் 1999 முதல் 2003 வரையிலான ஐந்து ஆண்டுகளில், மருந்து கொடுக்கும்போது தாதி மாணவர்கள் செய்தவையாகப் பதிவான 1,305 பிழைகளை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்து, 2006ஆம் ஆண்டில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். அவற்றுள் முதலிடம் பெற்றது எது தெரியுமா? விஷ மருந்தைக் கொடுத்ததல்ல. கொடுக்க வேண்டிய மருந்தைக் கொடுக்காமல் விட்டதே! அளவு பிசகியது அதற்கு அடுத்தபடி. அனுபவக் குறைவும், வேலையின் நடுவே கவனம் திசை மாறியதும் காரணங்களாகக் காணப்பட்டன.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? மாணவர்களின் தவறுகளில் பெரும்பாலானவை கொடியவை அல்ல, சாதாரணமானவை. சாதாரணமானவை என்பதனாலேயே அவற்றை மறைப்பதும் எளிது. எட்டு மணிக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரை பத்து மணிக்கு நினைவுக்கு வருகிறது. "இதைப் போய்ச் சொல்லி ஏச்சு வாங்குவானேன்?" என்று மனம் சொல்கிறது. குறிப்பேட்டில் எட்டு மணி என்றே எழுதிவிடுகிறார்கள். பெரிய பொய்யர் எவரும் முதல் நாளே பெரிய பொய் சொல்லிப் பழகியவரல்லர்.

பாராததைப் பார்த்ததாக எழுதுதல்

மருந்துப் பிழையைக் காட்டிலும் பரவலானதும், பலர் பிழையென்றே நினைக்காததுமான ஒன்று உண்டு. இரத்த அழுத்தத்தையும் நாடியையும் காய்ச்சலையும் அளந்து பாராமலே, முன்னவர் எழுதிய எண்ணைச் சற்றே மாற்றி எழுதிவிடுவதுதான் அது. நோயாளி உறங்குகிறார், முப்பது படுக்கைக்கு இரண்டு பேர், நேரமோ ஆகிவிட்டது. "அரை மணிக்கு முன்பு நன்றாகத்தானே இருந்தார்" என்று ஒரு எண் எழுந்துவிடுகிறது.

இதன் விளைவைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நாம் நன்கறிய வேண்டும். ஏனெனில் டெங்கிக் காய்ச்சலில் சிலாங்கூர் மாநிலமே ஆண்டுதோறும் முன்னணியில் நிற்பது வழக்கமாகிவிட்டது. டெங்கியின் தன்மை விசித்திரமானது. காய்ச்சல் ஏறியிருக்கும் நாட்களைவிட அது இறங்கும் நாளே அபாயமானது. நோய் கண்ட மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடம்பின் சூடு தணிகிறது. வீட்டார் "காய்ச்சல் விட்டது" என்று மகிழ்கிறார்கள். அதே வேளையில்தான் சிலருக்கு இரத்தத்தின் நீர்ப்பகுதி நாளங்களிலிருந்து கசியத் தொடங்குகிறது. அந்த ஒன்றிரண்டு நாட்களில் மருத்துவருக்கு வழி காட்டுவது தாதி எழுதும் எண்களே.

உதாரணமாக, இரத்த அழுத்தம் 110க்கு 70 என்று இருந்தவருக்கு இரண்டு மணி நேரத்தில் 100க்கு 80 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலெண் 100 தானே, பாதகமில்லை என்று பாமரர் எண்ணுவார். ஆனால் இரண்டு எண்களுக்கும் இடையிலிருந்த 40 என்ற வித்தியாசம் 20 ஆகச் சுருங்கிவிட்டது. இரத்த ஓட்டம் தளர்கிறது, உடனே கவனி என்று உடம்பு எழுப்பும் கூக்குரல் அது. அந்த வேளையில் ஒரு மாணவி அளந்து பாராமல் 110க்கு 70 என்றே எழுதிவிட்டால் அந்தக் கூக்குரல் எவர் காதிலும் விழாது. மருத்துவர் தாளைப் பார்க்கிறார். தாள் நலம் என்கிறது. அடுத்த படுக்கைக்குப் போய்விடுகிறார். அவள் எழுதியது மூன்று இலக்கம், இரண்டு இலக்கம். அதன் விலை ஓர் உயிராக இருக்கலாம்.

நவீனத் தாதித் தொழிலுக்கு வித்திட்ட பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859இல் எழுதிய நோயாளி பராமரிப்புக் குறிப்புகளில், உண்மையைச் சொல்வது மக்கள் நினைப்பதைவிடக் கடினமான காரியம் என்ற கருத்தை வலியுறுத்துகிறார். பொய் சொல்லும் எண்ணமே இல்லாதவரும், கூர்ந்து பார்க்கும் பழக்கம் இல்லாததால் பொய்யான செய்தி தந்துவிடக்கூடும் என்பது அவர் கண்டது. ஆகவே தாதிக்கு நேர்மை என்பது நாவின் குணம் மட்டுமன்று. கண்ணின் குணமும் கையின் குணமும் ஆகும்.

காலம் கடந்தால் கைமீறும்

"நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுபவர்கள் உண்டு. மருத்துவத்தில் நாளை என்பது மிக நீண்ட காலம்.

நீரிழிவு நோயாளிக்கு 4 யூனிட் இன்சுலினுக்குப் பதிலாக 40 யூனிட் ஏறிவிட்டது என்று கொள்வோம். எழுத்து விளங்காததனாலும், யூனிட் என்பதைக் குறிக்கும் ஆங்கில எழுத்தைச் சுழியம் என்று படித்துவிட்டதனாலும் உலகெங்கும் இவ்விதப் பிழை நேர்ந்திருக்கிறது. சாதாரண இன்சுலின் தோலடியில் செலுத்திய அரை மணியளவில் வேலை செய்யத் தொடங்கி, இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சத்தை அடைகிறது. ஊசி போட்ட ஐந்தாவது நிமிடத்தில் மாணவி வாய் திறந்தால், மருத்துவர் குளுக்கோஸ் ஏற்றுவார். அடிக்கடி சர்க்கரையைப் பார்க்கச் சொல்வார். நோயாளி பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். அவள் வாய் மூடி வீட்டுக்குப் போய்விட்டால், இரவு வேளையில் சர்க்கரை 4.0க்குக் கீழே இறங்கி, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வந்து, உறங்குகிறார் என்றே எல்லாரும் நினைத்திருக்க, மூளை பட்டினி கிடக்கும். இரண்டு நிலையிலும் தவறு ஒன்றே. வித்தியாசம் ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

தனக்கே நேரும் தவறும் அப்படித்தான். பயன்படுத்திய ஊசி தன் விரலில் குத்திவிட்டால் வெட்கப்பட்டு மறைக்கும் மாணவர் இருக்கிறார்கள். எய்ட்ஸ் கிருமிக்கு எதிரான தடுப்பு மருந்து அவசியமென்று கண்டால், அதைச் சில மணி நேரத்திற்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. மறைத்தவர் தமக்கே தீங்கு தேடிக்கொள்கிறார்.

உண்மை சொன்னவருக்குத் தண்டனையா?

நிற்க. இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. "உண்மை சொன்னவர்கள் தண்டிக்கப்பட்டதும் உண்டே?" என்று நம் பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2017 டிசம்பரில் ஒரு சம்பவம் நடந்தது. ரடோண்டா வாட் என்ற தாதி, 75 வயது மூதாட்டிக்குப் பதற்றம் தணிக்கும் வெர்செட் என்ற மருந்தைத் தர வேண்டியிருந்தது. மருந்துப் பெட்டக இயந்திரத்தில் முதலிரண்டு எழுத்துக்களைத் தட்டினார். வரவில்லை. பாதுகாப்புத் தடையை விலக்கிவிட்டு, வந்த மருந்தை எடுத்தார். அது வெக்குரோனியம், தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தும் மருந்து. மூடியில் எச்சரிக்கை இருந்தும் கவனிக்கவில்லை. மூதாட்டி மறுநாள் இறந்தார். தாதி தம் தவறை மறைக்கவில்லை, உடனே ஒப்புக்கொண்டார். மருத்துவமனையோ இப்பிழையை உரிய அரசு அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவில்லை. 2018இல் பெயரில்லாத ஒரு புகாரின் மூலமே விஷயம் வெளியாயிற்று. 2022 மார்ச்சில் நீதிமன்றம் அந்தத் தாதியைக் குற்றவாளி என்றது. மே மாதத்தில் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. சிறைத் தண்டனை இல்லை. ஆனால் தொழில் உரிமம் 2021லேயே பறிபோயிற்று.

தாதியர் உலகம் கொதித்தெழுந்தது. இப்படியானால் இனி எவர் வாய் திறப்பார் என்று கேட்டார்கள். அந்தக் குரலின் பயனாக, மருத்துவத் தொழிலாளரின் சாதாரணப் பிழைகளைக் குற்ற வழக்காக்கக் கூடாது என்று கென்டக்கி மாநிலம் 2024இல் சட்டம் இயற்றியது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் பெறலாம். உண்மை சொல்வதற்கு விலை இருக்கலாம். இல்லையென்று நாம் பிள்ளைகளிடம் சொல்லக்கூடாது. ஆனால் அந்த மூதாட்டியின் குடும்பத்துக்கு நடந்தது இன்னதென்று என்றாவது தெரிய வந்ததற்கு அந்தத் தாதி மறைக்காததும் ஒரு காரணம். இது முதற்பாடம். உண்மையை எதிர்பார்க்கிறவர்கள், அதைச் சொல்வதற்கு இடம் கொடுக்கவும் கடமைப்பட்டவர்கள் என்பது இரண்டாவது.

பொறுப்பு யார் யாருக்கு?

2007 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து மருத்துவமனை ஒன்றில், நடிகர் டென்னிஸ் குவைடின் இரட்டைக் குழந்தைகளுக்கு ஹெப்பாரின் என்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து, மில்லிலிட்டருக்கு 10 யூனிட் கொண்டதற்குப் பதில் 10,000 யூனிட் கொண்டது கொடுக்கப்பட்டது. ஆயிரம் மடங்கு! இறைவன் அருளால் குழந்தைகள் பிழைத்தன. இரண்டு குப்பிகளின் மேலொட்டும் ஒன்றையொன்று ஒத்த நீல நிறம். கவனியாதவர் மீது பொறுப்பு உண்டு. அவ்விரு குப்பிகளையும் அப்படி அமைத்தவர்களுக்கும் பொறுப்பு உண்டு. ஒருவர் பொறுப்பு மற்றவர் பொறுப்பை அழித்துவிடாது.

இது நம் நாட்டிலும் உணரப்பட்ட உண்மையே. 2003இல் மலேசிய நோயாளிப் பாதுகாப்பு மன்றம் அமைந்தது. 2009இல் சுகாதார அமைச்சு மருந்துப் பிழைகளை அறிவிக்கும் முறையை ஏற்படுத்தியது. ஒருவரைத் தண்டிப்பதைவிட, அடுத்தவருக்கு அதே பிழை நேராமல் தடுப்பதே அதன் நோக்கம். ஆனால் சொல்பவர் இல்லையென்றால் எந்த முறையாலும் பயனில்லை.

மூத்த தாதிகளும் பயிற்சியாளர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். எமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியை மருத்துவமனைப் பிரிவுகளை ஆராய்ந்து 1996இல் ஒரு முடிவை எழுதினார். நல்ல தலைமையுடைய பிரிவில் பிழைக் கணக்கு குறைவாக இருக்குமென்று அவர் எதிர்பார்த்தார். கண்டதோ அதற்கு மாறாக இருந்தது; அங்கே கணக்கு அதிகம்! ஏனென்று ஆராய்ந்தபோது, அங்குள்ளவர்கள் அஞ்சாமல் பிழையைச் சொன்னார்கள் என்பது புலப்பட்டது. மற்ற இடங்களில் பிழை இல்லாமலில்லை, வாய்தான் இல்லை. "எங்கள் வார்டில் தவறே நடப்பதில்லை" என்று பெருமை பேசுகிறவர், தம் வார்டில் எல்லாரும் அஞ்சி நடுங்குகிறார்களா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம். வார்டின் நடுவில், நோயாளிகள் முன்னிலையில் ஒரு மாணவியை ஏசினால், அதைக் கண்ட பத்து மாணவிகள் அன்றே மறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

மார்க்கம் காட்டும் வழி

தாதித் தொழில் நமக்கு அந்நியமானதன்று. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் (கி.பி. 627) நடந்த அகழ்ப்போரில் அம்பு பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, மதீனப் பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) அம்மையார் அமைத்திருந்த கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கும்படி நபி பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். நோயாளியின் உடம்பு தாதியின் கையில் ஓர் அமானிதம். அவளுடைய குறிப்பேடு ஒரு சாட்சியம்.

தெரியாமல் நேர்ந்தது என்பதால் பொறுப்பு நீங்கிவிடுமா? திருமறையின் அந்நிஸா அத்தியாயம், 92ஆம் வசனம், வேண்டுமென்று செய்ததையும் தவறுதலாக நேர்ந்ததையும் பிரித்துக் காட்டுகிறது. தவறுதலாக ஓர் உயிர் போனாலும் ஈடு செய்யும் கடமையை அது நீக்கவில்லை. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் வந்த நபிமொழி அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. ஆகவே "எனக்கு இது தெரியாது, காட்டித் தாருங்கள்" என்று கேட்பது மாணவருக்கு இழிவல்ல, கடமையாகும்.

தவ்பாவுக்குரிய நிபந்தனைகளை இமாம் நவவீ அவர்கள் விளக்கியிருப்பதை நாம் மதரஸாவில் படித்திருக்கிறோம். பாவத்தை விடுதல், வருந்துதல், மீண்டும் செய்வதில்லையென உறுதி கொள்ளுதல் என மூன்று. அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்டதாயின், அந்த உரிமையை உரியவரிடம் சேர்ப்பது நான்காவது. இந்த நான்காவதில்தான் பலர் இடறுகிறார்கள். தனியே அமர்ந்து அழுது இறைவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சிஸ்டரிடம் மட்டும் சொல்லாமல் இருந்துவிட்டால், நோயாளியின் உரிமை என்னாவது? தமக்கு நேர்ந்ததை அறிவதும், அதற்குரிய சிகிச்சை பெறுவதும் அவருடைய உரிமை. அதைத் தடுத்து வைத்துக்கொண்டு தவ்பா நிறைவேறிவிட்டதாக எண்ணலாகாது.

செய்ய வேண்டியவை

1. தவறு தெரிந்த கணமே நோயாளியைப் பாருங்கள். மூச்சு, நாடி, நினைவு எப்படியிருக்கிறது? உங்கள் பயம் பிறகு.

2. அருகிலுள்ள ஸ்டாஃப் நர்ஸிடமோ பயிற்சியாளரிடமோ உடனே சொல்லுங்கள். என்ன நேர்ந்தது, எத்தனை மணிக்கு, நோயாளி இப்பொழுது எப்படி என்ற மூன்றையும் சொன்னால் போதும். காரணங்களைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

3. கண்டதையும் செய்ததையும் மட்டும் எழுதுங்கள். பிழையாக எழுதியிருந்தால் படிக்கும்படியாக ஒரு கோடு மட்டும் கிழித்து, சரியானதை எழுதி, நேரமும் கையொப்பமும் இடுங்கள். தாளைக் கிழிப்பதும், வெள்ளை மை பூசுவதும், நேரத்தைப் பின்தேதியிடுவதும் கூடாது. அளக்க முடியாமற்போனால் "அளக்கவில்லை" என்று எழுதுங்கள். அந்த ஒரு சொல் பொய்யான பத்து எண்களைவிட உயர்ந்தது.

4. தோழியின் தவறைக் கண்டால், அவளையே சொல்லும்படி கூட்டிக்கொண்டு போங்கள். அவள் மறுத்தால் நீங்கள் சொல்லுங்கள். நோயாளியைப் பலியிட்டு நட்பைக் காப்பாற்ற முடியாது.

5. நோயாளியிடம் விஷயத்தைத் தெரிவிக்கும்போது தனியே போகாமல் மூத்தவருடன் செல்லுங்கள். தெளிவாகவும் பணிவாகவும் பேசுங்கள்.

6. அன்றிரவே அமர்ந்து, எந்த இடத்தில் கவனம் பிசகிற்று என்று எண்ணிப் பாருங்கள். நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் ஆகிய ஐந்தில் எது விடுபட்டது? அடுத்த முறை அதை எப்படிக் காப்பீர்கள்?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பி.டி.பி.டி.என். கடன் வாங்கியும், கடையில் இரவு பகலாக உழைத்தும் மகளைப் படிக்க வைக்கிறீர்கள். "பெயரைக் கெடுத்துக்கொள்ளாதே, எப்படியாவது முடித்துவிடு" என்று டெலிபோனில் சொல்லியனுப்புகிறீர்கள். அந்த "எப்படியாவது" என்ற சொல்லைச் சற்று நிறுத்தி எண்ணிப் பாருங்கள். தவறு செய்து ஏச்சு வாங்கி வீட்டுக்கு வரும் பிள்ளையிடம், "சொல்லிவிட்டாயா?" என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். சொல்லிவிட்டாள் என்றால், அவளுக்குச் சோறு போட்டு, தைரியம் சொல்லுங்கள். ஒரு பருவம் தாமதமாகத் தேறுவது பெரிய நஷ்டமன்று. நாளை உங்கள் தகப்பனாரின் படுக்கை அருகே நிற்கப்போகும் தாதி எப்படிப்பட்டவளாக இருக்க வேண்டுமென்று விரும்புகிறீர்களோ, அப்படியே உங்கள் மகளும் இன்னொருவர் தகப்பனாருக்கு இருக்கட்டும்.

வகுப்பில் கலந்து பேசுவதற்குரிய வினாக்கள்

1. எட்டு மணி மாத்திரையைப் பத்து மணிக்குக் கொடுத்த மாணவி குறிப்பேட்டில் என்ன எழுத வேண்டும்? யாரிடம் சொல்ல வேண்டும்?

2. டெங்கி நோயாளிக்குக் காய்ச்சல் இறங்கிய பிறகு இரத்த அழுத்தத்தை ஏன் முன்னிலும் கவனமாகப் பார்க்க வேண்டும்?

3. தவறுதலாக நேர்ந்ததற்கும் பொறுப்பு உண்டு என்பதை எவ்வாறு விளங்கிக்கொள்கிறீர்கள்?

4. மூத்தவர் ஒருவர் "இதை எழுத வேண்டாம், விட்டுவிடு" என்று மாணவியிடம் சொன்னால் அவள் செய்ய வேண்டியது என்ன?

5. உங்கள் வேலையிடத்தில், அது கடையானாலும் அலுவலகமானாலும், தவறைச் சொல்ல வருபவரை நீங்கள் எந்த முகத்தோடு வரவேற்கிறீர்கள்?